மிச்ச நாடாவில் ஒரு பாட்டு

கேசட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் டோரதி. நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக, இன்னும் ஓடாமல் மிச்சம் இருக்கும் நாடா தெரிகிறது. கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து அளக்கிறாள். "பெரிய பாட்டு தாங்காது. சின்னதா ஒண்ணு தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பின்னால் இருக்கும் அட்டைப்பெட்டியில் இருந்து ஒரு இசைத்தட்டை உருவுகிறாள். எதிரே நிற்கும் வாடிக்கையாளர் கேட்டது சினிமாப் பாட்டுகள் மட்டும்தான். அவை பதிந்து முடிந்துவிட்டன. இது அவர் கேட்காதது.

தென்னூரில் கியாசுதீன் பாய் நடத்தும் பாட்டுப் பதிவுக் கடையில் எட்டு வருஷமாக வேலை செய்கிறாள் என் தங்கை. வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் கொஞ்சம் நாடா மீந்துபோகும். மற்ற கடைகளில் அந்த இடத்தில் ஏதாவது ஒரு பாட்டைப் பாதி வரை ஓடவிட்டு, கழுத்தை அறுத்தது போல நிறுத்திவிடுவார்கள். டோரதி அப்படிச் செய்வதில்லை. அந்த மிச்சத்தில் சரியாக அடங்கும் ஓர் ஆங்கிலப் பாட்டைத் தேடி எடுத்துப் பதிவாள். ஊரில் யாரும் கேட்டிராத பாட்டாக அது இருக்க வேண்டும். பாட்டு முடிந்து ஒரு மூச்சு விடும் நேரத்தில் நாடாவும் முடியும். அட்டையில் பாட்டுகளின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் "இதையும் கேட்கவும்" என்று எழுதுவாள்.

அந்தப் பாட்டுக்காரர்களின் பெயர்கள் என் வாயில் நுழையாது. தப்பாக எழுதினால் அவள் சண்டைக்கு வருவாள் என்பதால் இங்கே எழுதவில்லை. ரேடியோவில் வருகிற, காலேஜ் விழாவில் ஆடுகிற ஆங்கிலப் பாட்டுகள் இல்லை அவை. பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காததால் பாடுகிறவர்களே கைக்காசு போட்டு, தாங்களே உறைக்குப் பசை தடவி வெளியிட்டவை. சில போன வருஷம் வந்தவை. சில பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்து, விற்காமல், அப்படியே அமுங்கிப் போனவை. இரண்டு வகையையும் அவள் ஒரே அட்டைப்பெட்டியில்தான் வைத்திருக்கிறாள். "புதுசு பழசுன்னு என்னண்ணே இருக்கு? கேக்காதவனுக்கு எல்லாமே புதுசுதான்" என்பாள்.

காலேஜ் பையன்கள் கூட்டமாக வருவார்கள். எல்லாரும் கேட்பது அந்த வருஷம் ஊரெல்லாம் ஒலிக்கும் அதே டிஸ்கோ பாட்டைத்தான்.

"அதை ரிக்‌ஷாக்காரர் வரைக்கும் கேட்டாச்சு தம்பி. இதைக் கொண்டு போங்க. ஒருவாட்டி கேளுங்க. பிடிக்கலேன்னா ரெண்டாவது வாட்டி கேளுங்க. அப்புறமா வந்து என்னைத் திட்டுங்க."

"யாருமே வாங்கலேன்னா நல்லா இல்லேன்னுதானே அக்கா அர்த்தம்?"

"உனக்குக்கூடத்தான் இன்னும் ஒருத்தனும் வேலை குடுக்கலே. அதுக்காக நீ நல்லா இல்லேன்னு ஆயிடுமா?"

கூட வந்தவர்கள் அவன் முதுகில் தட்டிச் சிரிப்பார்கள். டிஸ்கோ கேசட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு பாட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். என் தங்கை என்பதால் சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போனவன் நான். ஆங்கிலப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவள் சொன்ன பிறகு கேட்டால் வேறு மாதிரி இருக்கும். "இதுல டிரம்ஸ் அடிக்கிறவனை மட்டும் கவனிண்ணே. மத்தவன்லாம் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுறானுங்க. இவன் மட்டும் அடுத்த பஸ்ல வர்றேன்னு நிக்கிறான் பாரு." அப்புறம் நான் அந்த ஆளை மட்டுமே கவனிப்பேன். உண்மையிலேயே அவன் நிற்பான். இன்னொன்று: "இவனுக்குப் பாடவே தெரியாது. ஆனா சொல்ல வேண்டியது இருக்கு. அதனால பாடுறான்." சில நேரம் கேட்டுக்கொண்டே நான் தூங்கிவிடுவேன். என் மனைவி பாக்கியமேரி, "உங்க அண்ணன் குறட்டையும் சேர்ந்து பதிவாகிடப் போகுது" என்று கேலி செய்வாள். டோரதிக்குக் கோபம் வராது. ஆனால் நான் கேட்டது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டாள். "நீ எனக்காகக் கேக்குறே. பாட்டுக்காகக் கேக்கலே."

பாட்டுக்காகக் கேட்ட ஒருத்தி இருந்தாள். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் குடும்பம். அந்த வீட்டுப் பெண் பேட்ரிஷியாவுக்கும் டோரதிக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ரெக்கார்டு பிளேயரின் இரண்டு பக்கமும் காதை வைத்திருப்பார்கள். பேச்சே இருக்காது. பாட்டு முடிந்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். எழுபத்தாறில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. கட்டிலையும் பீரோவையும் விற்றவர்கள், பிளேயரையும் ரெக்கார்டுப் பெட்டியையும் டோரதியிடம் விட்டுப் போனார்கள். பேட்ரிஷியா அங்கிருந்து கொஞ்ச வருஷம் புதுப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து அனுப்பினாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது. கேசட்டுகள் குறைந்தன. பிறகு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வந்தது. இப்போது அதுவும் இல்லை. மெட்ராஸ் பர்மா பஜாரில் இருந்து பாயின் மைத்துனர் எப்போதாவது கொண்டுவருவதும், பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும்தான் டோரதிக்குத் துணை. புதுப் பாட்டு ஒன்று கையில் கிடைத்தால் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாள். முடிந்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

அவளைப் பெண் பார்க்க மணப்பாறைப் பக்கத்தில் இருந்து ஒரு வாத்தியார் வந்தார். நல்ல மனிதர்தான். சங்கீதம் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவர் கிளம்பும்போது டோரதி ஒரு முழுக் கேசட்டைக் கொடுத்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து பொறுக்கிப் பொறுக்கிப் பதிந்தது அது. சம்பந்தம் வேண்டாம் என்ற பதிலோடு, தரகர் கையில் கேசட்டும் திரும்பி வந்தது. போட்டுப் பார்த்தால் அதில் யாரோ ஒரு சாமியாரின் தியானப் பிரசங்கம். அவள் பதிந்திருந்ததன்மேலேயே பதிந்திருந்தார்கள். சம்பந்தம் போனதைப் பற்றி டோரதி ஒரு வார்த்தை பேசவில்லை. "அழிச்சுட்டாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அன்று முதல் கடையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு கேசட்டின் காதையும் பேனாக் கத்தியால் கிள்ளிவிடுகிறாள்.

பக்திக் கேசட்டுகளின் மிச்சத்தில் மட்டும் அவள் எதையும் பதிய மாட்டாள். மாதா பாட்டானாலும் பெருமாள் பாட்டானாலும் மிச்சம் வெறுமையாக இருக்கும். அவளாக வைத்துக்கொண்ட விதி அது. இந்த ஆனி மாதத்தில் அந்த விதியை அவளே மீறினாள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருந்து வேதாந்தம் என்ற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வருவார். காலமாகிவிட்ட தன் தமையனாரின் உபன்யாசங்களைப் பழைய ஸ்பூல் நாடாவில் இருந்து கேசட்டுக்கு மாற்றிக்கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் வந்து, "கடைசி வார்த்தை வரைக்கும் தெளிவா விழுந்திருக்கும்மா" என்று சொல்லுவார். அதுதான் அவளைக் கெடுத்தது. "எல்லாரும் பாதியில நிறுத்திடுறாங்கண்ணே. கடைசி வரைக்கும் கேக்குற ஒரே மனுஷன் அவர்தான்" என்றாள் என்னிடம். அவருடைய கேசட்டின் மிச்சத்தில் ஒரு பாட்டைப் பதிந்து கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரமே வேதாந்தம் கடைக்கு வந்தார். குடையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா குழந்தே, உபன்யாசம் பூர்த்தியாறது. எங்காத்துல பத்து பேர் கண்ணை மூடிண்டு உக்காந்திருக்கா. திடீர்னு ஒருத்தன் 'ஓ'ன்னு அலறறான். எங்காத்து மாமி தீர்த்தச் சொம்பைக் கீழே போட்டுட்டா. அவனுக்கு அப்படி என்னம்மா கஷ்டம்?"

டோரதி அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "அவங்க ஊர்ல மில்லெல்லாம் மூடிட்டாங்க சார். வேலை இல்லாத நாலு பசங்க சேர்ந்து பாடினது. ரெண்டாவது வாட்டி கேட்டுப் பாருங்க. கத்துற மாதிரியே இருக்காது."

"ரெண்டாவது தடவையா? அதுக்கு நான் உயிரோட இருக்கணுமே! பாவம், அவனுக்குச் சீக்கிரம் ஒரு உத்தியோகம் கிடைக்கட்டும். ஆனா மனுவை வேற எங்கேயாவது போடச் சொல்லு. எங்காத்துப் பெருமாள்கிட்டே வேண்டாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேறு கேசட்டில் மாற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கியாசுதீன் பாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

"இவர் சிரிச்சுட்டாரு. அடுத்தவர் சிரிக்க மாட்டாரு. ஸ்ரீரங்கத்து ஆளுங்க பாதிப் பேர் நம்ம கடைக்குத்தான் வர்றாங்க. பாய் கடைல சாமி கேசட்டுல இப்படிப் பண்றாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பினா என்னால தாங்க முடியுமா, சொல்லும்மா? இனிமே எந்தக் கேசட்டுலயும் வேண்டாம். மிச்சம் மிச்சமாவே இருக்கட்டும்."

"தப்பு என்னுதுதான் பாய். சாமி கேசட்டுல இனி தொட மாட்டேன். மத்ததுலயும் வேண்டாம்னா, அப்புறம் நான் இங்கே என்ன பண்றேன்?"

"பாட்டு பதியுறே."

"அது மெஷின் பண்ணுது பாய்."

பாய் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எட்டு வருஷமாப் போடுறியே. யாராவது ஒருத்தர் திரும்பி வந்து, கடைசில ஒண்ணு வந்துச்சே, அது மறுபடி வேணும்னு கேட்டிருக்காங்களா?"

டோரதி மேஜைமேல் கிடந்த துண்டுச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஆடிப் பெருக்கு வரைக்கும் பார்ப்போம். ஒரே ஒருத்தர் வந்து கேக்கட்டும். அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா விட்டுடணும்."

அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தலை நிமிரும். வந்தவர் சீட்டை நீட்டியதும் குனியும். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்னோடு பாய்லர் ஷாப்பில் வேலை பார்க்கும் ஸ்தனிஸ்லாஸை அனுப்பிக் கேட்கச் சொல்லட்டுமா என்றேன்.

"ஆள் செட் பண்ணாதேண்ணே. அதுவும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணனா? சம்மட்டி அடிச்சு அடிச்சு அவருக்குக் கோயில் மணியே கேக்காது. பாட்டு பிடிச்சுதுன்னு சொன்னா பாய் நம்புவாரா?"

சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆடிப் பெருக்குக்கு முந்தின சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து அவளை அழைத்துப் போகக் கடைக்குப் போயிருந்தேன். துறையூரில் மைக் செட் வைத்திருக்கும் தங்கையன் வந்தார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவர். சிக்கிப் போன ஒரு கேசட்டை மேஜைமேல் வைத்தார். நாடா குடல் சரிந்தது போல வெளியே தொங்கியது.

"இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. சினிமாப் பாட்டெல்லாம் வேற கூடப் போட்டுக்கலாம். ஆனா கடைசில ஒண்ணு வருமே, அது மட்டும் அதேதான் வேணும்."

டோரதியின் கை அப்படியே நின்றது. பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதுங்க?" என்றாள்.

"அதாங்க, இங்கிலீஷ்ல. டுக்கு டுக்கு டுக்குன்னு வரும். அப்புறம் 'ஈ'ன்னு ஒரே இழுப்பா இழுப்பான். மூணு வருஷமா எங்கே செட் போட்டாலும் முதல்ல அதைத்தான் போடுறேன்."

"பிடிச்சிருந்துச்சாங்க?"

"பிடிச்சிருந்துச்சாவா? செட்டு டெஸ்ட் பண்ண அதை அடிச்சுக்க வேற கிடையாது! குழாய்ல ஒரு மயிரிழை கிழிசல் இருந்தாலும் அந்த இழுப்புல தெரிஞ்சுடும். டுக்கு டுக்குல ஆம்ப்ளிஃபயரோட வண்டவாளம் தெரிஞ்சுடும். நீங்க டெஸ்டிங்குக்குன்னுதான் போட்டுக் குடுத்தீங்கன்னு நெனச்சேன். பாட்டாங்க அது?"

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டோரதி தங்கையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், வார்த்தை குடுத்திருக்கீங்க" என்றேன் நான்.

"குடுத்த வார்த்தையை நான் தட்ட மாட்டேன் தம்பி. ஆள் வந்தாரு, கேட்டாரு. தங்கச்சி தாராளமாப் போட்டுக்கட்டும். ஆனா அவர் கேட்டது பாட்டை இல்லேம்மா. திருப்புளியைக் கேட்டாரு."

டோரதி ரெக்கார்டைத் தேடி எடுத்தாள். பதிந்தாள். காதைக் கிள்ளினாள். கேசட்டைக் கொடுக்கும்போதுதான் கேட்டாள்: "அடுத்தது எங்கேங்க செட்டு போடுறீங்க?"

"பதினெட்டாம் பெருக்குக்கு முக்கொம்புல. வெள்ளன வந்து கட்டிடுவோம்."

சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில், ஜெயித்துவிட்டாயே என்று நான் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, "திருப்புளிண்ணே" என்றாள். சிரிக்க முயற்சி செய்தது போல இருந்தது. சிரிப்பு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "என்னை முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போறியா? கடையில ஹெட்போன்ல கேக்குறேன். வீட்ல மெதுவா வச்சுக் கேக்குறேன். எந்தப் பாட்டையும் நான் பெருசாக் கேட்டதே இல்லேண்ணே."

பெருக்கன்று முதல் பஸ்ஸில் போனோம். கூட்டம் இன்னும் வரவில்லை. காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. மதகுப் பக்கம் தண்ணீர் விழும் இரைச்சல். தங்கையன் புங்கமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "அட, செட்டு டெஸ்டிங் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று மேலே இருந்தபடியே கேட்டார். கரையோரம் மீன் வறுத்து விற்கும் வீராயி அடுப்பு மூட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. டோரதி ஆற்றைப் பார்த்த குட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். நான் பெட்டிக்கடைப் பக்கம் நின்றேன்.

தங்கையன் இறங்கிப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி மரத்தில் ஏறினார். பாட்டு கிளம்பியது. எத்தனையோ முறை எங்கள் வீட்டில் முணுமுணுப்பாகக் கேட்ட அதே பாட்டுத்தான். இப்போது அது தண்ணீர் இரைச்சலை மீறி எழுந்து, எதிர்க் கரையில் மோதித் திரும்பி வந்தது. கிளைகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து போயின. அந்த இழுப்பு வந்தபோது தங்கையன் குழாயில் காதை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். டோரதி இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றியபடி அசையாமல் இருந்தாள். முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே தங்கையன் இறங்கி வந்து பொத்தானை அழுத்தினார். பாட்டு நின்றது. ஆற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

டோரதி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"யோவ், ஏன்யா நிறுத்துன?" என்று குரல் வந்தது. வீராயி எழுந்து நின்றிருந்தாள். கையில் கத்தி.

"டெஸ்டிங் முடிஞ்சுது ஆத்தா."

"உன் டெஸ்டிங் முடிஞ்சா என்னா? அவன் பாடி முடிக்கலையே. பாதிச் சோத்துல எழுப்புற மாதிரி நிறுத்திட்டியே. முதல்லேருந்து போடு. யாரு அது பாடுறது?"

"எனக்கென்ன தெரியும்? அதோ உக்காந்திருக்கு பாரு, அந்தம்மாவைக் கேளு."

தங்கையன் நாடாவைப் பின்னால் ஓட்டினார். வீராயி கத்தியை அடுப்போரம் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி சுவரை நோக்கி நடந்து வந்தாள். "ஏம்மா, யாரும்மா அது?"

எந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டாலும் டோரதியிடம் சொல்ல எவ்வளவோ உண்டு. எந்த ஊர், எந்த வருஷம், டிரம்ஸ்காரன் ஏன் நிற்கிறான் என்று எல்லாம் சொல்லுவாள். வாயைத் திறந்தாள். குழாயில் அந்த டுக்கு டுக்கு மறுபடி தொடங்கியது. டோரதி சுவரில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் காலியான இடத்தைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள்.